ப்ரொஜெக்டர்ல படம் விட்டு விட்டு போகுதா? எப்படி போகுதுன்னு பாத்து பிழையைப் பிடிக்கிற வழி

படம் நல்லா ஓடிக்கிட்டு இருக்கும், திடீர்னு ஸ்க்ரீன் கருப்பாயிடும், ரெண்டு மூணு செகண்ட்ல தானா திரும்ப வந்துடும், கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி போகும். இப்படி ஆனா நம்மாளுங்க முதல்ல பண்றது புது எச்டிஎம்ஐ கேபிள் வாங்குறது. அது சரி வரலைன்னா லேம்ப்பை மாத்துறது, அதுவும் சரி வரலைன்னா புது ப்ரொஜெக்டர் என்ன விலைன்னு விசாரிக்க ஆரம்பிச்சுடுறாங்க. காசுதான் போகும், பிழை அப்படியே இருக்கும். ஏன்னா கருப்பா போறதுக்கு ஒரு காரணம், வெள்ளைப் புள்ளி மின்னுறதுக்கு வேற காரணம், கட்டம் கட்டமா உடையறதுக்கு இன்னொரு காரணம், லோகோ வந்து திரும்ப ஸ்டார்ட் ஆகுறதுக்கு சம்பந்தமே இல்லாத வேறொரு காரணம். அதனால எதையும் கழட்டாம, எதையும் வாங்காம, முதல்ல படம் எப்படி போகுதுன்னு உத்துப் பாருங்க. போற விதமே எந்த இடத்துல பிழைன்னு சொல்லிடும்.

நான் இங்க எடுத்துக்கிறது நம்ம பக்கம் வீடுகள்ல வழக்கமா இருக்கிற செட்டப். ஸ்க்ரீனுக்குக் கீழ ரேக், அதுல ஏவிஆர் (சத்தத்தை ஸ்பீக்கருக்கும் படத்தை ப்ரொஜெக்டருக்கும் பிரிச்சு அனுப்புற ரிசீவர்), செட் டாப் பாக்ஸ், ஃபயர் ஸ்டிக்கோ ஆப்பிள் டிவியோ, சில வீட்டுல கேம் கன்சோல். பின்பக்கம் சீலிங்ல தலைகீழா ப்ரொஜெக்டர். ரெண்டுக்கும் நடுவுல சுவத்துக்குள்ள பிவிசி பைப் வழியா 10லேருந்து 15 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள். படம் அனுப்புற செட் டாப் பாக்ஸ், ஸ்டிக், கன்சோல் எல்லாத்தையும் இனிமே பாக்ஸ்னே சொல்றேன். ஆக பாதை ரெண்டு துண்டு: பாக்ஸ்லேருந்து ஏவிஆர் வரைக்கும் சின்ன கேபிள், ஏவிஆர்லேருந்து ப்ரொஜெக்டர் வரைக்கும் நீளக் கேபிள். எந்தத் துண்டுல பிழைன்னு பிரிக்கிறதுதான் மொத்த வேலையே.

கை வைக்கிறதுக்கு முன்னாடி: மெனு பட்டன், காது

படம் போன அந்த நிமிஷமே ப்ரொஜெக்டர் ரிமோட்ல மெனு பட்டனை அமுக்குங்க. மெனு ஸ்க்ரீன்ல பளிச்சுனு வந்துட்டா லேம்ப், லேசர், பேனல், ப்ரொஜெக்டருக்கு வர்ற கரன்ட் எல்லாம் நல்லா இருக்கு, வர்ற சிக்னல்தான் அறுந்து போயிருக்கு. மெனுவும் வரலைன்னா பிழை ப்ரொஜெக்டர்லயேதான், நேரா கடைசிப் பகுதிக்குப் போயிடலாம். இது பத்து பைசா செலவில்லாத சோதனை, ஆனா பண்றவங்க ரொம்பக் கம்மி. லேம்ப் மாத்தச் சொல்லி பல ஆயிரம் கேக்குற மெக்கானிக்கைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிடுங்க, மெனு தெரியுதுன்னா லேம்ப் மேல குத்தமே இல்லை.

அடுத்து சத்தம். படம் போகும்போது ஏவிஆர்ல சத்தம் தடையில்லாம ஓடுதா, இல்ல அதுவும் சேர்ந்து போகுதா? சத்தம் ஓடுதுன்னா பாக்ஸ்லேருந்து ஏவிஆர் வரைக்கும் எல்லாம் சரி, ஏவிஆர்க்கு அப்புறம் இருக்கிற நீளக் கேபிள் பக்கம்தான் பிழை. ரெண்டும் சேர்ந்து ரொம்ப நேரம் போகுதுன்னா பாக்ஸ் பக்கம். ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, நீளக் கேபிள்ல கனெக்‌ஷன் முழுசா அறுந்து ஒட்டும்போது ஏவிஆர் மறுபடி காப்பி பாதுகாப்புக்கான எச்டிசிபி கைகுலுக்கலைப் பண்ணும், ஏன்னா அதுக்குப் பின்னாடி யார் யார் இருக்காங்கன்னு பாக்ஸ்கிட்ட அது தெரிவிச்சாகணும். அந்த நேரத்துல சத்தமும் ஒரு செகண்ட் விக்கும். அதனால சத்தம் லேசா விக்குனா நீளக் கேபிளைச் சந்தேகத்துலேருந்து விட்டுடாதீங்க.

சத்தம் ஓடுது, படம் மட்டும் கருப்பாகி சில செகண்ட்ல திரும்ப வருது. இல்லேன்னா வெள்ளைப் புள்ளிகள் மின்னுது

இதுதான் அதிகமா வர்ற பிழை, அதனால இதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன்.

இருட்டான காட்சில அங்கங்க மின்மினி மாதிரி வெள்ளைப் புள்ளி பளிச் பளிச்னு வந்து போகுதா, சில நேரம் கிடைக்கோடா ஒரு வரி மட்டும் ஓடுதா? அது கேபிள் வழியா வர்ற டேட்டால சில பிட்டுகள் கெட்டுப் போறதோட அடையாளம். ஸ்பார்க்கிள்னு சொல்வாங்க. அதே பிழை இன்னும் முத்தினா ப்ரொஜெக்டரால சிக்னலைப் பிடிச்சு வச்சுக்க முடியாம விட்டுடும், ஸ்க்ரீன் முழுசா கருப்பாகும், அப்புறம் திரும்பப் பிடிக்கும். ஆக புள்ளியும் கருப்பும் வேற வேற நோய் இல்லை, ஒரே நோயோட ரெண்டு கட்டம். கருப்பாகுறதுக்கு முன்னாடி புள்ளி தெரிஞ்சுதான்னு வீட்டுல இருக்கிறவங்களையும் கேட்டுப் பாருங்க, பாதிப் பேர் பாத்திருப்பாங்க ஆனா சொல்லியிருக்க மாட்டாங்க.

ஏன் வருதுன்னா, கேபிள் தாங்கக்கூடியதைவிட அதிக டேட்டா அதுல போகுது. கணக்கைப் பாருங்க. 1080பி 60 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 60 ஃப்ரேம்) படத்துக்கு கேபிள்ல போறது சுமார் 4.46 ஜிபிபிஎஸ், அதாவது செகண்டுக்கு அத்தனை கிகாபிட். 4கே 24 ஹெர்ட்ஸ், 4:2:2 கலர்ல (கலர் விவரத்தைப் பாதியா குறைச்சு) அனுப்புனா 8.91. அதே 4கே 60 ஹெர்ட்ஸ் முழு கலரோட போனா 17.82. எச்டிஎம்ஐ 2.0ல மொத்த அளவே 18 ஜிபிபிஎஸ்தான், அதனால கடைசியா சொன்னது கிட்டத்தட்ட விளிம்புலயே ஓடுது. பழைய எச்டிஎம்ஐ 1.4 காலத்துல சுவத்துக்குள்ள போட்ட கேபிள் 10.2 வரைக்கும் யோசிச்சு செஞ்சது, அதுவும் 15 மீட்டர் நீளத்துல அந்த அளவைக்கூட எட்டுமான்னு சொல்ல முடியாது.

இதுலேருந்துதான் பல பேரைக் குழப்புற ஒரு விஷயம் வருது. "ப்ரோ, படம் மூணு மணி நேரம் ஒரு சிக்கலும் இல்லாம ஓடுது, ஆனா ஆப் மெனுவுக்கு வந்தா கருப்பாகுது"ன்னு கேப்பாங்க, கேபிள்ல பிழைன்னா படத்துலயும் வரணுமேன்னு நினைச்சு பாக்ஸை மாத்திடுவாங்க. பாக்ஸ் தப்பே இல்லை. சினிமா 24 ஹெர்ட்ஸ்ல ஓடுது, பாக்ஸோட மெனு 60 ஹெர்ட்ஸ்ல ஓடுது, மெனுவுக்குத்தான் கேபிள்ல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பாரம். கிரிக்கெட் மேட்ச், கேம், 60 ஃப்ரேம் யூட்யூப் வீடியோ இதுல மட்டும் படம் போகுது, சினிமால போகலைன்னாலும் இதே காரணம்தான். அப்படி ஒரு பேட்டர்ன் உங்க வீட்டுல இருந்தா கேபிள்தான்னு கிட்டத்தட்ட முடிவே பண்ணிடலாம்.

உறுதிப்படுத்த, பாக்ஸோட செட்டிங்ஸ்ல ரெசல்யூஷனை 1080பிக்கு இறக்கி, ஒரு முழுப் படம் பாருங்க. ஒரு தடவைகூடப் போகலையா? அப்ப கேபிளால பாரம் தாங்க முடியலை. புதுக் கேபிள் வர்ற வரைக்கும் 4கேவை விடணும்னு இல்லை, பாரத்தை மட்டும் குறைங்க. ஆப்பிள் டிவில வீடியோ செட்டிங்ஸ்ல குரோமான்னு ஒண்ணு இருக்கும், அதை 4:2:0க்கு, அதாவது கலர் விவரம் இன்னும் கம்மியா போற மாதிரி மாத்துங்க. பிளேஸ்டேஷன் 5ல 4கே வீடியோ ட்ரான்ஸ்ஃபர் ரேட்டுன்னு ஒரு ஆப்ஷன், ஆட்டோமேட்டிக்லேருந்து மைனஸ் 1, இல்லேன்னா மைனஸ் 2க்கு இறக்குங்க. 4கே 60 ஹெர்ட்ஸ் 4:2:0 எட்டு பிட்ல போனா 8.91 ஜிபிபிஎஸ்தான், எச்டிஆர்க்காக (வெளிச்சமும் கலரும் கூடுதலா காட்டுற படம்) பத்து பிட் ஆனாலும் 11.14தான், முழு கலருக்குப் போற 17.82 எங்க இது எங்க. உக்காந்திருக்கிற தூரத்துலேருந்து சினிமால வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஏன்னா ஓடிடிலயும் டிஸ்க்லயும் படமே 4:2:0லதான் பதிவாகி வருது. ஏவிஆர்லயும் ஒவ்வொரு இன்புட்டுக்கும் 4கே சிக்னல் ஃபார்மட் ஸ்டாண்டர்டா என்ஹான்ஸ்டான்னு ஒரு செட்டிங் இருக்கும், ஸ்டாண்டர்டுக்கு இறக்குனா அதுவே பாக்ஸ்கிட்ட கம்மியா அனுப்புன்னு சொல்லிடும்.

ஆப்பிள் டிவில எச்டிஎம்ஐ கனெக்‌ஷனைச் செக் பண்ற ஒரு டெஸ்ட்டும் உள்ளயே இருக்கு, ரெண்டு நிமிஷம் போல ஓடும். அதைக் கட்டாயம் ஓட்டிப் பாருங்க.

கடைசிச் சோதனை, கொஞ்சம் உடம்பு வேலை. பாக்ஸைக் கழட்டி ஏணி மேல ப்ரொஜெக்டர் பக்கத்துலயே கொண்டுபோய் வச்சு, ஒன்றரை ரெண்டு மீட்டர் நல்ல கேபிள்ல நேரா சொருகி ஓட்டுங்க. ஏணியை யாராவது பிடிச்சுக்கட்டும், லென்ஸுக்குள்ள யாரும் பாக்க வேண்டாம். இதுல ஒரு மணி நேரம் சுத்தமா ஓடுச்சுன்னா பாக்ஸும் ப்ரொஜெக்டரும் நிரபராதி.

அப்ப எந்தக் கேபிள் வாங்குறது

கடைல, ரிச்சி ஸ்ட்ரீட்டா இருந்தாலும் ஆன்லைனா இருந்தாலும், "அண்ணே இது 2.1 வெர்ஷன் கேபிள், 8கே போகும்"னு எடுத்துக் குடுப்பாங்க. எச்டிஎம்ஐ அமைப்பு கேபிளுக்கு வெர்ஷன் நம்பரே குடுக்கிறதில்லை, வேகத்தோட பேர்தான் உண்டு. 18 ஜிபிபிஎஸ்க்கு ப்ரீமியம் ஹை ஸ்பீடு, 48க்கு அல்ட்ரா ஹை ஸ்பீடு. சோதிச்சுப் பாத்த கேபிள்னா டப்பா மேல ஸ்கேன் பண்ற மாதிரி ஒரு லேபிள் ஒட்டியிருக்கும், அந்த லேபிளைப் பாருங்க, டப்பால பெரிய எழுத்துல போட்டிருக்கிற 4கே 8கேவைப் பாக்காதீங்க. தங்க முலாம், கெட்டியான நைலான் சடை, இதெல்லாம் பாக்க அழகு, டேட்டாவுக்கு அதனால பெரிய லாபம் ஒண்ணும் கிடையாது.

சாதா காப்பர் கேபிள்ல 18 ஜிபிபிஎஸ்னா 5 மீட்டர் வரைக்கும் நிம்மதி, 7, 8 மீட்டர் தாண்டினா எந்தப் பேர் போட்டிருந்தாலும் நம்பி சுவத்துக்குள்ள போடாதீங்க. 10 மீட்டருக்கு மேலன்னா ஃபைபர் எச்டிஎம்ஐ, ஏஓசின்னு சொல்வாங்க, அதுதான் என் முடிவு. அதுல வேகமான வீடியோ லைன்கள் கண்ணாடி இழைல போகும், மெதுவான கன்ட்ரோல் லைன்கள் பெரும்பாலும் காப்பர்லயே இருக்கும். ரெண்டு விஷயம் கவனிக்கணும். அதுக்கு திசை உண்டு, ஒரு முனைல சோர்ஸ்னும் இன்னொரு முனைல டிஸ்ப்ளேன்னும் போட்டிருக்கும், மாத்திச் சொருகுனா படமே வராது, பைப்ல இழுத்த அப்புறம் தெரிஞ்சா திரும்ப வெளிய இழுக்கணும். அடுத்தது, இழையை எல் மாதிரி மடக்கினா உள்ள உடைஞ்சிடும், எல்போ போட்ட பைப்ல எலக்ட்ரீஷியன் கம்பி கட்டி வேகமா இழுத்தா கேபிள் அன்னிக்கே காலி. இழுக்கும்போது கூடவே நில்லுங்க, "அண்ணே மெதுவா, தலையைப் பிடிச்சு இழுக்காதீங்க, கேபிளைப் பிடிங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருங்க. பைப்ல இழுக்கிறதுக்கு முன்னாடி தரைல விரிச்சுப் போட்டு ரெண்டு பக்கமும் சொருகி ஒரு படம் ஓட்டிப் பாத்துடுங்க.

ஏஓசி கேபிளோட தலைல இருக்கிற சிப்புக்கு கரன்ட் எச்டிஎம்ஐ போர்ட்டோட 5 வோல்ட் பின்லேருந்துதான் வருது. சில ஏவிஆர்ல அந்த 5 வோல்ட் பலவீனமா இருக்கும், ஆரம்பத்துல நல்லா ஓடி, சூடானதும் படம் விட்டு விட்டுப் போகும். அப்படின்னா தனியா யூஎஸ்பில கரன்ட் குடுக்கிற வால் இருக்கிற கேபிளா வாங்குங்க, மொத்த கேபிளும் மோசம்னு தூக்கிப் போட வேண்டாம்.

படத்துல பேஸ் அடிக்கும்போதோ யாராவது மாடில நடக்கும்போதோ மட்டும் போகுது

ப்ளக் லூஸ். எச்டிஎம்ஐல பூட்டு எதுவும் கிடையாது, பிடிமானத்துலதான் நிக்குது. சீலிங்ல தலைகீழா மாட்டுன ப்ரொஜெக்டர்ல கேபிளோட வெயிட் முழுக்க அந்தச் சின்ன ப்ளக்ல தொங்கும், சப்வூஃபர் அதிரும்போது ஒரு மயிரிழை நகர்ந்தாலே போதும். ஓடும்போதே ப்ளக்கை ரொம்ப மெதுவா மேலயும் கீழயும் அசைச்சுப் பாருங்க, படம் போனா உறுதி. கேபிளை ஒரு சுத்து தளர்வா விட்டு, மவுண்ட் கம்பில கேபிள் டை போட்டுக் கட்டுங்க, வெயிட் கம்பி மேல வரணும், ப்ளக் மேல வரக்கூடாது. கடலோர ஊர்ல, உப்புக் காத்துல ப்ளக்கோட முனை கருத்துப் போயிருக்கும், ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை பஞ்சுக் குச்சில தொட்டு, எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு துடைங்க, முழுசா காஞ்ச அப்புறம் சொருகுங்க.

ஃபேன் சுவிட்சை ஆஃப் பண்ணா, மிக்ஸி போட்டா, மோட்டார் ஓடுனா ஒரு செகண்ட் கருப்பாகுது

மோட்டார், சோக் போட்ட டியூப்லைட் இதெல்லாம் ஆன் ஆஃப் ஆகும்போது ஒரு குட்டி மின் அதிர்வு காத்துலயும் வயர்லயும் பரவும், நீளமான காப்பர் எச்டிஎம்ஐ அதை ஆன்டெனாவா பிடிச்சுக்கும். கேஸ் லிஃப்ட் வச்ச ஆபீஸ் சேர்ல உக்காந்து எந்திரிச்சாகூட ஸ்க்ரீன் ஒரு செகண்ட் போறது உலகம் முழுக்கப் பதிவான விஷயம், அதனால உங்க வீட்டுல அப்படி நடந்தா பிரமைன்னு நினைக்காதீங்க. எச்டிஎம்ஐயும் 230 வோல்ட் வயரும் ஒரே பைப்ல ஓடுதான்னு முதல்ல பாருங்க, அப்படி ஓடுனா பிரிச்சே ஆகணும். பிரிக்க வழியில்லைன்னா ஃபைபர் கேபிள், கண்ணாடி இழைக்கு இந்த அதிர்வு ஏறாது.

இதோட சேர்த்து எர்த்தையும் பாத்துடுங்க, இது நான் ரொம்ப வற்புறுத்திச் சொல்றது. ஏவிஆரோட மெட்டல் பாடியைத் தொட்டா சுருக்குனு இருக்கா? டெஸ்டர் வச்சா லேசா எரியுதா? அப்ப எர்த் வரலை. எர்த் இல்லாத சாதனத்தோட பாடில 100 வோல்ட்டுக்கு மேல மிதக்கும், கரன்ட் ரொம்பக் கம்மிங்கறதால ஆளுக்கு ஒண்ணும் ஆகாம போகலாம், ஆனா அதே நிலைல எச்டிஎம்ஐயைச் சொருகுனீங்கன்னா அந்த சார்ஜ் போர்ட்டுக்குள்ள இருக்கிற சிப் வழியா இறங்கும், போர்ட் செத்துடும். மூணு பின் ப்ளக்கை ரெண்டு பின் கன்வெர்ட்டர்ல சொருகுறதை நிறுத்துங்க. ரேக்குக்கும் ப்ரொஜெக்டருக்கும் ஒரே சர்க்யூட்லேருந்து எர்த்தோட கரன்ட் குடுங்க. எச்டிஎம்ஐ கழட்டும்போதும் மாட்டும்போதும் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுப் பண்ணுங்க. இடி மின்னல் நேரத்துல மொட்டை மாடி டிஷ்ஷோட கேபிளைக் கழட்டி விடுங்க, அந்த வழியா வந்து செட் டாப் பாக்ஸ், ஏவிஆர், ப்ரொஜெக்டர்னு வரிசையா போர்ட்டை எடுத்துட்டுப் போயிடும்.

படம் ஆரம்பிக்கும்போதும் முடியும்போதும் மட்டும் கருப்பாகுது

இது பிழையே இல்லை. மெனு 60 ஹெர்ட்ஸ், படம் 24 ஹெர்ட்ஸ், ரெண்டுக்கும் மாறும்போது ப்ரொஜெக்டர் சிக்னலைப் புதுசாப் பிடிக்கணும். சாதாவுலேருந்து எச்டிஆர்க்கு மாறும்போதும் அப்படித்தான். டிவி ரெண்டு செகண்ட்ல பண்றதை சில ப்ரொஜெக்டர் பத்து செகண்ட் எடுத்துப் பண்ணும். அது எரிச்சலா இருந்தா ஃபயர் ஸ்டிக்ல மேட்ச் ஒரிஜினல் ஃப்ரேம் ரேட், ஆப்பிள் டிவில மேட்ச் கன்டென்ட், இதை ஆஃப் பண்ணுங்க. நான் ஆன்லயே விடச் சொல்வேன், 24 ஃப்ரேம் படத்தை 60ல ஓட்டுனா கேமரா மெதுவா நகரும் காட்சில ஒரு இழுபறி தெரியும், பெரிய ஸ்க்ரீன்ல அது நல்லாவே கண்ணை உறுத்தும். ஆரம்பத்துல சில செகண்ட் கருப்பு அதுக்குப் பரவாயில்லை.

மெனு எல்லாம் தெரியுது, ஓடிடில படத்தைப் போட்டா மட்டும் கருப்பு, சத்தம் வருது

எச்டிசிபி. 4கே ஓடிடிக்கும் 4கே ப்ளூரேக்கும் எச்டிசிபி 2.2 வேணும், அதுவும் பாதைல இருக்கிற ஒவ்வொரு பொருள்லயும் வேணும். நடுவுல ஒரு பழைய ஏவிஆரோ, மலிவான ஸ்ப்ளிட்டரோ, சுவிட்ச் பாக்ஸோ 1.4ல நின்னுட்டா படம் கருப்பு, இல்லேன்னா 1080பிக்கு இறங்கிடும். பழைய 4கே ப்ரொஜெக்டர் சிலதுல ரெண்டு எச்டிஎம்ஐ போர்ட்ல ஒண்ணுல மட்டும்தான் 2.2 இருக்கும், மேனுவலைப் பாத்து அந்த போர்ட்டுக்கு மாத்துங்க. எல்லாம் 2.2 ஆகியும் வந்தா எல்லாத்தையும் சுவர் சுவிட்ச்லயே ஆஃப் பண்ணி, கொஞ்ச நேரம் விட்டு, முதல்ல ப்ரொஜெக்டர், அப்புறம் ஏவிஆர், கடைசியா பாக்ஸ்னு ஆன் பண்ணுங்க. கைகுலுக்கல் புதுசா நடக்கும்.

படம் கட்டம் கட்டமா உடையுது, உறையுது, வட்டம் சுத்துது

இதுக்கும் எச்டிஎம்ஐ கேபிளுக்கும் சம்பந்தமே இல்லை. எச்டிஎம்ஐல படம் விரிச்ச நிலைல போகுது, அங்க கெட்டா புள்ளி வரும், கோடு வரும், கருப்பாகும், கட்டம் வராது. கட்டம் வந்தா சுருக்கி வச்ச வீடியோ பாக்ஸுக்கு வர்றதுக்கு முன்னாடியே கெட்டிருக்கு. டிடிஎச்னா மழை, அதுக்கு வர்ற கேயூ பேண்ட் சாட்டிலைட் சிக்னல் கனமழைல குறையும், மழை இல்லாமலும் வந்தா டிஷ் அசைஞ்சிருக்கு, இல்ல டிஷ் முன்னாடி சிக்னலை வாங்குற எல்என்பியோட கனெக்டர்ல தண்ணி இறங்கியிருக்கு. ஓடிடின்னா நெட், நெட்ஃப்ளிக்ஸே 4கேவுக்கு 15 எம்பிபிஎஸ் கேக்குது, அது ப்ளான்ல இருந்தா பத்தாது ரேக் இருக்கிற இடத்துல வரணும். ஹார்ட் டிஸ்க்லேருந்தோ நாஸ்லேருந்தோ (வீட்டு நெட்வொர்க்ல இருக்கிற ஸ்டோரேஜ்) பெரிய 4கே ஃபைல் ஓட்டுறவங்க பாக்ஸோட லேன் போர்ட் எவ்வளவுன்னு பாருங்க, நிறைய பாக்ஸ்ல அது 100 எம்பிபிஎஸ்தான், டிஸ்க்லேருந்து அப்படியே எடுத்த படம் சில காட்சில அதைத் தாண்டும். அங்க வயரைக் கழட்டிட்டு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாத்துனா சரியாகும்.

கருப்பாகி, ஸ்டிக்கோட லோகோ வந்து, திரும்ப ஹோமுக்குப் போயிடுது

ஸ்டிக் ரீஸ்டார்ட் ஆகுது, அவ்வளவுதான். ப்ரொஜெக்டரோட இல்ல ஏவிஆரோட யூஎஸ்பில கரன்ட் எடுத்திருப்பீங்க, அது வழக்கமா 5 வோல்ட் 0.5 ஆம்ப், ஸ்டிக்கோட வர்ற அடாப்டர் 1 ஆம்ப். மெனுல ஒண்ணும் தெரியாது, 4கே எச்டிஆர் ஓட ஆரம்பிச்சதும் பத்தாம போகும். அடாப்டரையே போடுங்க. ப்ரொஜெக்டரோட சூட்டுக் காத்து வர்ற ஓட்டைக்கு நேரா ஸ்டிக் தொங்குனா குட்டி எக்ஸ்டென்ஷன் கேபிள்ல தள்ளி வைங்க.

படம் போய் வேற பாக்ஸோட படம் வந்து நிக்குதுன்னா அது சிஇசி, எச்டிஎம்ஐ வழியா ஒரு சாதனம் இன்னொண்ணைக் கன்ட்ரோல் பண்ற வசதி, செட் டாப் பாக்ஸ் தூக்கத்துலேருந்து முழிச்சு ஏவிஆரைத் தன் பக்கம் இழுக்குது, எல்லாத்துலயும் எச்டிஎம்ஐ கன்ட்ரோலை ஆஃப் பண்ணிட்டு ஒவ்வொண்ணா ஆன் பண்ணிப் பாருங்க. மொத்தப் படமும் பிங்க்காவோ பச்சையாவோ மாறுதுன்னா பாக்ஸ் ஒரு கலர் ஃபார்மட்ல அனுப்பி ப்ரொஜெக்டர் வேற ஃபார்மட்டா எடுத்துக்குது, ரெண்டுலயும் ஆட்டோன்னு வச்சுட்டு ப்ளக்கைக் கழட்டி மாட்டுங்க.

மெனுவும் வரலை: ப்ரொஜெக்டர் பக்கம்

இருட்டான காட்சில மட்டும் ஸ்க்ரீன் மொத்தமா அணைஞ்சு, வெளிச்சம் வந்ததும் வருதுன்னா பயப்படாதீங்க. லேசர், எல்இடி ப்ரொஜெக்டர் பலதுல டைனமிக் கான்ட்ராஸ்ட் இருக்கு, முழுக் கருப்பு வந்தா ஒளியையே குறைச்சுடும், சிலது அணைச்சே விட்டுடும். மெனுல அதை ஆஃப் பண்ணிப் பாருங்க, நின்னுட்டா அதுதான்.

ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் ஓடின அப்புறம் அணையுது, டெம்ப்னு போட்ட லைட் மின்னுதுன்னா சூடு. பெரும்பாலான வீட்டு ப்ரொஜெக்டர் மேனுவல்ல 35 இல்ல 40 டிகிரி வரைக்கும்தான் ஓட்டலாம்னு இருக்கும். கத்திரி வெயில்ல பகல் முழுக்க பூட்டிக் கிடந்த ரூம்ல, சீலிங் பக்கத்துல அதைவிட அதிகமாவே இருக்கும், சூடு மேலதான் நிக்கும். ஏசியைப் படத்துக்கு அரை மணி நேரம் முன்னாடியே போட்டுடுங்க. ஃபில்ட்டர் இருக்கிற மாடல்னா கழட்டிப் பாருங்க, நம்ம ஊர் தூசில சில மாசத்துலயே சாம்பல் கலர்ல கம்பளி போத்தின மாதிரி ஆயிடும். ஆஃப் பண்ணி, ஆற விட்டு, ப்ரொஜெக்டர்லேருந்து தள்ளிக் கொண்டுபோய் வேக்யூம்ல மெதுவா எடுங்க, ப்ளோயர் வச்சு உள்பக்கமா ஊதுனா தூசி லென்ஸ் பக்கம் போய் உக்காந்துக்கும். காத்து ஓட்டைல டார்ச் அடிச்சுப் பாருங்க, எறும்பு வரிசை, பல்லி எச்சம் தெரிஞ்சா ஆன் பண்ணாதீங்க, போர்டுல ஷார்ட் ஆகும், சர்வீஸ்ல திறந்து சுத்தம் பண்ணணும். ஊட்டி, கொடைக்கானல்ல இருக்கிறவங்க ஹை ஆல்டிட்யூட் மோடை ஆன் பண்ணணும், 1500 மீட்டருக்கு மேல காத்து லேசாங்கறதால ஃபேன் வேகமா சுத்துனாதான் சூடு போகும்.

லேம்ப் லைட் சிவப்பா இருக்கு, அணையுறதுக்கு முன்னாடி படம் துடிச்சுதுன்னா லேம்ப். மெனுல லேம்ப் அவர்ஸ் பாருங்க, மாடலையும் மோடையும் பொறுத்து 3000லேருந்து 5000 மணி நேரம்னா அதோட ஆயுசு முடிஞ்சுது. அணைஞ்ச உடனே திரும்பத் திரும்ப ஆன் பண்ணாதீங்க, சூடான லேம்ப் பத்திக்காது, கெட்டும் போகும். டப்புனு சத்தம் கேட்டு வெடிச்சிருந்தா ஜன்னலைத் திறந்து விட்டுட்டு எல்லாரும் வெளிய போங்க, அந்த லேம்ப்ல பாதரசம் இருக்கு.

லைட் எதுவும் மின்னாம மொத்தமா அணைஞ்சு போகுது, அதே நேரம் வீட்டு பல்பும் ஒரு தடவை மங்குதுன்னா கரன்ட். இன்வெர்ட்டர்ல இருக்கிற யூபிஎஸ், நார்மல் சுவிட்ச்சை யூபிஎஸ் பக்கம் தள்ளுங்க, நார்மல்ல கரன்ட் மாறுற நேரம் அதிகம், அந்த இடைவெளிலதான் ப்ரொஜெக்டர் விழுது. லேம்ப் ப்ரொஜெக்டருக்கு சைன் வேவ் யூபிஎஸ் ஒண்ணு தனியா போடுறது நல்லது, கரன்ட் போனாலும் ஃபேன் ஓடி லேம்ப் ஆறுற வரைக்கும் தாங்கணும், அது போதும்.

இதெல்லாம் பாத்தும் நிக்கலைன்னா ப்ரொஜெக்டரோட இன்னொரு எச்டிஎம்ஐ போர்ட்ல அதே கேபிளை மாத்திப் பாருங்க. அங்க நல்லா ஓடுனா முதல் போர்ட் போயிடுச்சு, இருக்கிற போர்ட்ல ஏவிஆரைக் கொடுத்து ஓட்டலாம், போர்டு மாத்த அவசரம் இல்லை. ரெண்டுலயும் போகுது, பக்கத்துல வச்ச பாக்ஸ்லயும் 1080பிலயும் போகுதுன்னா மட்டும் சர்வீஸ் சென்டர். போகும்போது படம் போற விதத்தை ஃபோன்ல வீடியோ எடுத்துக்கங்க, ப்ரொஜெக்டர் லைட் என்ன கலர்ல எத்தனை தடவை மின்னுதுன்னும், லேம்ப் அவர்ஸ் எவ்வளவுன்னும், எந்த ரெசல்யூஷன்ல எந்த கேபிள்ல சோதிச்சீங்கன்னும் எழுதிக் குடுங்க. அங்க மேசை மேல ரெண்டு மீட்டர் கேபிள்ல 1080பில பத்து நிமிஷம் ஓட்டிட்டு நல்லாத்தானே இருக்குன்னு திருப்பி அனுப்பிடுவாங்க, நீங்க எழுதிக் குடுத்தா அதே 4கே 60 ஹெர்ட்ஸ்ல, அதே சூட்டுல ரெண்டு மணி நேரம் ஓட்டிப் பாக்கச் சொல்லிக் கேக்கலாம்.